இறக்கத்தில் சும்மாதானே வருகிறீர்கள்?

2025 பிப்ரவரி 9, மாலை – வந்த கேள்வி

ஆறு வருடமாகச் சாலைப் பந்தயம் ஓட்டுகிறேன். நேற்று மலை சைக்கிள் பந்தயம் ஒன்றை வீடியோவில் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம்கூட ஓடவில்லை. அதிலும் ஏகப்பட்ட இறக்கம். பெடலையே மிதிக்காமல் சும்மா நின்றுகொண்டு வருகிறார்கள். இதற்கா இவ்வளவு பில்டப்? எனக்கு இருக்கிற காலுக்கு நேராக வந்து நடுவில் எங்காவது முடித்துவிடுவேன் என்று தோன்றுகிறது. தப்பா?

பிப்ரவரி 9, இரவு 10.15

தப்புதான். இதே நினைப்போடுதான் நானும் இந்தப் பக்கம் வந்தேன் என்பதால் கோபம் வரவில்லை.

சும்மா நிற்பது என்றீர்களே, ஒன்று செய்து பாருங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. முட்டியை மடக்குங்கள், இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள், மார்பைத் தாழ்த்துங்கள், முழங்கைகளை வெளியே விரியுங்கள். அந்த அரை உட்காரலில் இரண்டு நிமிடம். முடிந்ததா? இப்போது நான்கு மாடி ஓடி ஏறிவிட்டு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே அதே மாதிரி இரண்டு நிமிடம் நில்லுங்கள். தொடை நடுங்கும்போது, கையில் பிடித்திருக்கும் கம்பியை யாராவது ஒருவர் விடாமல் உலுக்க வேண்டும். நீங்கள் வீடியோவில் பார்த்தது அதைத்தான்.

பிப்ரவரி 10, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது. கால் பலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் நீங்கள் பழகிய விதத்தில் அதைச் செலவழிக்க முடியாது.

சாலையில் கூட்டத்துக்குள் புகுந்துகொண்டு, முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னே காற்றிலிருந்து தப்பித்து, ஒரு மணி நேரம் சேமிக்கலாம். இங்கே ஏற்றத்தில் 12, 13 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது யார் முதுகுக்குப் பின்னே இருந்தாலும் பெரிய லாபம் இல்லை. உங்கள் எடையை நீங்களேதான் மேலே தூக்க வேண்டும்.

அப்புறம் தொடக்கம். சாலையில் கடைசியில் வருவது இங்கே முதலிலேயே வந்துவிடும். கொடி இறங்கியதும் முழு வேகம். காரணம், அகலமான பாதை சில நூறு மீட்டரில் ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கிவிடும். அதற்குள் முன்னால் போகாதவர் மரத்துக்கும் பாறைக்கும் இடையில் வரிசையில் நின்று, முன்னால் ஒருவர் காலை ஊன்றினால் தானும் ஊன்றி, நிமிடக் கணக்கில் இழப்பார். உலகக் கோப்பையில் தரவரிசைப்படி எட்டு எட்டுப் பேராக நிறுத்துகிறார்கள். முதல் வரிசைக்கும் எட்டாம் வரிசைக்கும் உள்ள வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். அதனால் எல்லோரும் உடம்பு தாங்காத வேகத்தில் கிளம்புகிறோம். அந்த இரண்டு நிமிடத்தில் வாங்கிய கடனுக்கு மீதி நேரம் முழுக்கக் கந்துவட்டி.

ஒன்றரை மணி நேரம்கூட இல்லை என்பதற்கு: 1996 அட்லாண்டாவில் மலை சைக்கிள் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது பார்ட் பிரென்ட்ஜென்ஸ் தங்கம் வென்ற நேரம் 2 மணி 17 நிமிடம். டோக்கியோவில் டாம் பிட்காக் 1 மணி 25 நிமிடத்தில் முடித்தார். பந்தயத்தைச் சுருக்கினார்கள், அவ்வளவு வேகம் கூடியது. 800 மீட்டர் ஓடுகிறவரிடம் போய் "மராத்தான் அளவுக்குத் தூரம் இல்லையே" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய அந்தக் காலத்துப் பந்தயங்களிலேயே சராசரி இதயத் துடிப்பு உச்சத்தில் சுமார் 90 சதவீதம் இருந்ததாக அளந்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 190 உச்சம் உள்ளவருக்கு 171. அது சராசரி, உச்சம் இல்லை.

பிப்ரவரி 10, மதியம்

"சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் கணக்கில் வருமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வரும். என் பந்தயங்களில் கணிசமான பகுதி அதுதான்.

பிப்ரவரி 12

கை விஷயம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

என் முதல் பந்தயத்துக்கு எட்டு மாதம் தயாரானேன். எல்லாமே காலுக்கு. ஏற்றத்தில் சமாளித்தேன். இரண்டாம் சுற்றின் நீண்ட இறக்கத்தில் முன்கை இரண்டும் கல்லாகிவிட்டன. இதை ஆர்ம் பம்ப் என்பார்கள். பிரேக் லீவரை இழுக்கும் விரல் மடங்குகிறது, ஆனால் திரும்ப விரிய மாட்டேன் என்கிறது. கியர் மாற்றக் கட்டைவிரலுக்குச் சொன்னால் ஒரு நொடி கழித்துக் கேட்கிறது. தசை இறுகியே இருந்தால் தன் ரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்ளும். புது ரத்தம் உள்ளே வராது, கழிவும் வெளியே போகாது. தொடைக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு கணமாவது தளர்வு கிடைக்கும். பிடித்த கைக்கு அந்தத் தளர்வும் இல்லை.

மூன்றாம் சுற்றில் கொடி காட்டி ஓரம் கட்டினார்கள். உலகக் கோப்பையில் 80 சதவீத விதி உண்டு: முதலாவதாக ஓட்டுகிறவரின் முதல் சுற்று 15 நிமிடம் என்றால், அவருக்கு 12 நிமிடம் பின்தங்கியவரை வெளியே எடுத்துவிடுவார்கள். எனக்கு அவ்வளவு கணக்கெல்லாம் பார்க்கத் தேவைப்படவில்லை.

அதுவும் பரவாயில்லை. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டின் நாடிக் கொக்கியைக் கழற்றப் பார்த்தேன். விரல் அதை அழுத்த முடியவில்லை. கொக்கி வழுக்கிக்கொண்டே போகிறது. ஒரு பையன், பதினாறு வயது இருக்கும், என்னை இரண்டு முறை முந்திப் போனவன், வந்து ஒரு விரலால் டக்கென்று கழற்றிவிட்டான். "முதல் தடவையாண்ணா?" என்று வேறு கேட்டான்.

பிப்ரவரி 13

நம்பாதவர்களுக்குச் சான்று. போன வருடப் பந்தயத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். இறக்கம் தொடங்கியதும், மிதிக்கும் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் வாட் சுழியத்துக்கு விழுகிறது. இதயத் துடிப்பு மட்டும் 174, 172, 171 என்று கிட்டத்தட்ட நேர்கோடு. கால் வேலையை நிறுத்திவிட்டது, இதயம் நிறுத்தவில்லை. இறக்கத்தில் ஓய்வே கிடையாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிப்ரவரி 17

வேறு ஏதாவது வேண்டும்தான் போலிருக்கிறது.

ஒருவர் தனிச்செய்தியில் மரியாதையாகக் குட்டு வைத்தார். கடுமையான ஏற்றத்துக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தால்கூட இதயத் துடிப்பு உடனே விழாது. வேலை நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் பின்தங்கி நிற்கும். என் இறக்கம் ஒன்றரை நிமிடம்தான். அந்த நேர்கோடு இறக்கத்தின் உழைப்பா, ஏற்றத்தின் மிச்சமா? பந்தயப் பதிவை வைத்துச் சொல்ல முடியாது. 13ஆம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். முடிவை இல்லை, சான்றை மட்டும்.

பிப்ரவரி 23

பிடிவாதம் விடவில்லை. இன்று வழக்கமான இறக்கத்தின் உச்சிக்குப் போய், மரத்தடியில் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்தேன். துடிப்பு 88க்கு வந்தது. எழுந்து, ஒரு தடவைகூட மிதிக்காமல், முழு வேகத்தில் இறங்கினேன். மூன்று நிமிடச் சொச்சம். கீழே வந்தபோது 152.

மிதிக்கவே இல்லை. ஏற்றத்தின் மிச்சமும் இல்லை. ஆக, இறக்கத்துக்கென்று தனிச் செலவு உண்டு. ஒரே ஆள், ஒரே நாள், இது ஆராய்ச்சி இல்லை, தெரியும்.

மார்ச் 2

எடை குறைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேட்ட மூவருமே ஒல்லிதான் என்று நினைக்கிறேன். குண்டானவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

ஏற்றத்தில் கிலோவுக்கு எத்தனை வாட் என்பதுதான் கணக்கு, மறுக்கவில்லை. மேல்மட்ட ஆண்கள் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 70 மில்லிலிட்டருக்கு மேல் ஆக்சிஜன் பயன்படுத்துகிறவர்கள். எடை குறைந்தால் அந்தக் கணக்கு அழகாகத்தான் தெரியும். ஆனால் மலை ஏற்றம் சாலை ஏற்றம் இல்லை. செங்குத்தான சரளையில் உடம்பை முன்னால் சாய்த்தால் பின்சக்கரம் வழுக்குகிறது, பின்னால் சாய்த்தால் முன்சக்கரம் எழும்புகிறது. நடுவில் சீட்டின் மூக்கு நுனியில் உட்கார்ந்துகொண்டு, வேர் வரும்போது ஒரு வெட்டு மிதி, பாறை வரும்போது இன்னொன்று. சீராக 250 வாட் என்பதெல்லாம் கிடையாது. 100, 600, 0, 450 என்று குரங்கு மாதிரி தாவும். அந்த வெட்டு மிதிக்கு இடுப்பும் முதுகும் கையும் சேர்ந்து இழுக்க வேண்டும். தோளில் கறி இல்லாதவருக்கு அங்கே திண்டாட்டம்தான்.

நான் ஒரு வருடம் அரைவயிறு சாப்பிட்டு ஐந்து கிலோ இறக்கினேன். முதல் மாதம் பறந்தேன். பிறகு மாதத்துக்கு ஒரு சளி, இரவில் தூக்கம் இல்லை, எல்லோர் மேலும் எரிச்சல். ஏற்ற நேரமும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஐந்து கிலோ குறைவாக, அதே நேரம்! எங்கே போனது அந்தப் பலம் என்று நினைக்கிறீர்கள்?

மார்ச் 3

நேற்று எழுதியதற்கு ஒரு பெண் வாசகர் எழுதியிருந்தார். பயிற்சி கூட்டியதிலிருந்து மாதவிடாய் நின்றுவிட்டது, "நல்லா டிரெயின் ஆகிறாய் என்பதற்கு அடையாளம்" என்று கூட ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்களாம். இதில் மட்டும் விளையாட்டுப் பேச்சு வேண்டாம். அது தேர்ச்சியின் அடையாளம் இல்லை. செலவுக்கு ஏற்ற வரவு உடம்புக்கு இல்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம், எலும்பு வரைக்கும் அரிக்கும். மருத்துவரைப் பாருங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். கூட ஓட்டுகிறவர்களையும் மாற்றிப் பார்க்கலாம்.

மார்ச் 9

குடிப்பது பற்றி. மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். எழுதுவது எளிது. கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க ஒரு சுற்றில் எனக்குக் கிடைக்கும் இடம் இரண்டே இரண்டு. அதில் ஒன்றில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை வாயில் வைத்தால் மூச்சை நிறுத்த வேண்டும், மூச்சை நிறுத்தினால் முன்னால் போகிறவர் பத்து மீட்டர் போய்விடுவார். குடிக்கவும் பயிற்சி வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இப்போது பயிற்சியிலேயே முழு மூச்சில் இருக்கும்போது வேண்டுமென்றே குடிக்கிறேன். பாதி சட்டையில்தான் போகிறது.

ஜெல் என்கிற சர்க்கரைக் கூழ் பற்றிக் கேட்காதீர்கள். குலுக்கலில் வயிறு என்ன செய்தது என்பதை எழுத இது இடமில்லை.

மார்ச் 11

இறக்கம் மட்டுமே ஓட்டும் டவுன்ஹில் பந்தய ஆட்களுக்கு உடல்தகுதி தேவையில்லை, லிஃப்டில் ஏறி இறங்கி வருகிறார்கள் என்று ஒருவர். அவர்கள் ஓட்டம் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடமும் என் பிப்ரவரி 12ஆம் தேதிக் குறிப்புதான், இன்னும் அதிக வேகத்தில். நகர்கிறேன்.

மார்ச் 18

இடது கையால் தட்டுவதால் சுருக்கமாக.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டையான வளைவில் முன்சக்கரம் கழன்ற மாதிரி வழுக்கியது. விழும்போது வலது உள்ளங்கையை ஊன்றினேன். வீக்கம் இல்லை. வலியும் பெரிதாக இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கட்டைவிரலை நீட்டினால் அதன் அடியில் ஒரு குழி விழும் பாருங்கள், அதை அழுத்தினால் உயிர் போகிறது. அங்கே ஸ்காஃபாய்டு என்று ஒரு குட்டி எலும்பு, முந்திரிப் பருப்பு அளவு. அதன் முறிவு முதல் படத்தில் தெரியாமல் போகும், பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திரும்ப எடுத்தால்தான் தெரியும் என்றார் மருத்துவர். அதுவரை கட்டோடு இரு என்று அனுப்பிவிட்டார்.

வழுக்கியது கடைசிச் சுற்றில். அதே வளைவை முந்தைய நான்கு சுற்றிலும் ஒழுங்காக எடுத்திருந்தேன். களைப்பு முதலில் பிடுங்குவது காலை அல்ல, கண்ணை. பதினைந்து மீட்டர் முன்னால் பார்க்க வேண்டியவன் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 30

முறிவுதான். கோடு மாதிரி தெரிகிறது. ரத்தம் குறைவாகப் போகும் எலும்பாம், அவசரப்படாது. பத்து வாரம்.

"பிட்காக் காறை எலும்பு உடைந்தும் இரண்டே மாதத்தில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினாரே" என்று ஆறுதல் சொன்னவருக்கு: 2021இல் நடந்தது உண்மைதான். அவர் பாரிஸிலும் முன்சக்கரம் பஞ்சராகி, சக்கரத்தை மாற்றிக்கொண்டு கிளம்பி, கடைசிச் சுற்றில் பிரான்சின் கோரெட்ஸ்கியைத் தாண்டித் தங்கம் வாங்கியவர். அந்த உடம்பை வைத்து என் உடம்புக்கு ஆறுதல் சொல்லாதீர்கள்.

ஒரு நல்ல செய்தி. சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது தெரிந்த விஷயம். சைக்கிள் உடம்பைத் தாங்கிவிடுவதால் எலும்புக்கு அடி விழுவதில்லை. மலை சைக்கிள்காரர்களுக்கு அவர்களைவிட எலும்பு கெட்டி என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். குலுக்கலுக்குக் கிடைத்த கூலி. என் மணிக்கட்டுக்கு இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

ஜூன் 8

கட்டு பிரித்தாகிவிட்டது. வலது முன்கை இடதைவிடப் பாதியாக இருக்கிறது, தொட்டால் துணி மாதிரி. கதவுப்பிடியைத் திருப்பவே யோசிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டலாம், பந்தயம் வேண்டாம் என்று உத்தரவு.

ஜூன் 15

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இன்று அந்த இறக்கத்தில் மெதுவாக இறங்கினேன். வலது கையால் இறுக்கிப் பிடிக்கவே முடியாது, அதனால் பிடிக்கவில்லை. விரல்கள் சும்மா சுற்றியிருந்தன. பாரம் முழுக்கப் பெடலில். ஹேண்டில்பார் கைக்குள் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கல்லில் மோதும்போதெல்லாம் சைக்கிள்தான் துள்ளியது, நான் துள்ளவில்லை. கீழே வந்து நின்றபோது முன்கையில் ஒன்றுமே இல்லை. நோஞ்சான் கை, அதில் பம்ப் இல்லை!

பாதி வழியில் இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு பெரிய பாறை வரும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். தாண்டியதும் விடுகிறேன். எத்தனை வருடமாக இப்படி என்று தெரியாது. இன்று மெதுவாகப் போனதால் என் காதுக்கே கேட்டது.

ஜூன் 22

ஆக, பிப்ரவரி 12ஆம் தேதி எழுதியதையும் திருத்த வேண்டும். தசை, ரத்தக் குழாய் எல்லாம் சரி. ஆனால் அவ்வளவு இறுக்கிப் பிடிக்கச் சொன்னது பந்தயம் இல்லை. பயம். அதை உடல்தகுதிக் குறை என்று நினைத்து மூன்று வருடம் கம்பியில் தொங்கினேன், ரப்பர் பந்து அமுக்கினேன். வீண் இல்லை, உதவியதுதான். பயத்தோடு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ள உதவியது.

பிரேக் லீவரையும் மாற்றினேன். விரல் எட்டிப் பிடிக்கும்படி தள்ளி இருந்தது. இப்போது ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு தானாக வந்து உட்காரும் தூரத்துக்கு இழுத்துவைத்திருக்கிறேன். ஒரு திருகு, கால் சுற்று. மூன்று வருடம், கால் சுற்று.

ஜூலை 6

பழைய சோதனையைத் திரும்பச் செய்தேன். அதே மரம், இருபது நிமிடம், துடிப்பு 86. மிதிக்காமல் இறக்கம். நேரம் பிப்ரவரியைவிட நான்கு நொடி குறைவு. கீழே வந்தபோது 133.

அதற்குள் பாதை மனப்பாடம் ஆகிவிட்டது என்று சொல்லலாம். வெயில் வேறு, சாப்பாடு வேறு. ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் 19 துடிப்பு, அதைவிட வேகமாக. முதலில் கேட்டவரிடம் "இறக்கத்தில் ஓய்வே இல்லை" என்றேனே, அதை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: எனக்கு இருக்கவில்லை. வீடியோவில் நீங்கள் பார்த்தவர்கள் அந்த இறக்கங்களில் உண்மையிலேயே கொஞ்சம் மூச்சு வாங்கியிருப்பார்கள். அதனால்தான் அடுத்த ஏற்றத்தில் அப்படிக் கிளம்ப முடிகிறது. அரை உட்காரல் சோதனை மட்டும் அப்படியே இருக்கட்டும், அதில் மாற்றம் இல்லை.

ஜூலை 20

கேள்வி கேட்ட சாலைக்காரர் போன வாரம் முதல் பந்தயம் ஓட்டியிருக்கிறார். தனிச்செய்தியில் எழுதினார், அவர் அனுமதியோடு இங்கே: முதல் ஏற்றத்தில் பதினொரு பேரைத் தாண்டினாராம். இறக்கத்தில் பதினான்கு பேர் அவரைத் தாண்டினார்களாம். ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை. கடைசியிலிருந்து நான்காவது. ஆனால் முடித்துவிட்டார், என்னைப்போல ஓரம் கட்டப்படவில்லை.

முன்கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு வந்தது: "கொக்கி விஷயத்தை நீங்கள் கதைக்காகச் சேர்த்தது என்று நினைத்திருந்தேன்."

யார் கழற்றிவிட்டார்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.